கண் திறந்த கல்

சும்மா உட்கார எனக்கு வராது ஐயா. கையில் உளி இல்லாவிட்டால் விரல் பரபரவென்று இருக்கும். அதனால்தான் உங்கள் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

நான் தாமோதரன், மாமல்லபுரத்தில் கல் தச்சன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் மூழ்கிய கடற்படைப் படகுக்கு ஒரு நினைவுக் கல் வேண்டும் என்று கோவளத்துக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். ஒரே கல்லில் படகு, அதில் போன ஏழு பேர். முன்னால் நிற்பவர் அந்த ஊர் தர்மராஜ். அவர் பெண்டாட்டி கன்னியம்மா கல்யாணப் போட்டோவைக் கொடுத்தாள். மீன் விற்ற கையோடு அடிக்கடி பட்டறைக்கு வந்து, முகம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள்.

"கண்ணத் தொறந்து உடுங்க அண்ணாத்த. அவுரு என்னப் பாத்துகினு இருக்கட்டும்" என்றாள்.

கண் திறப்பது சாமி சிலைக்குத்தான். மனுஷனுக்குச் செய்யாதே என்று எங்கள் ஆட்கள் தடுத்தார்கள். கண் திறந்தால் கல்லுக்கு உயிர் வந்துவிடும், அப்புறம் அதன்மேல் உளி படக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் கரைக்குப் பிணமாகக்கூட வராதவர்களுக்கு ஒரு உடம்பாவது வேண்டுமே. விரதம் இருந்து, தங்க ஊசியால் எல்லார் கண்ணையும் திறந்தேன். கன்னியம்மா தர்மராஜின் கன்னத்தைத் தடவி, "அவுரேதான்" என்றாள். நான் அழுதுவிட்டேன். ஒரு தச்சனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்லைக் கோவளத்துக்கு ஏற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலம், செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். தாடியும் ஒடுங்கின தோளுமாக ரோட்டோரத்துப் பட்டறைக்குள் வந்து, கல்லில் இருந்த பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, என்னச் சாவடிச்சிட்டீங்க? நான் உசுரோட கீறேனே."

எதிரி நாட்டுக் கைதி முகாமிலிருந்து விட்டிருக்கிறார்கள். தகவல் வருவதற்கு முன்னால் ஆள் வந்துவிட்டார். எனக்கு முதலில் தோன்றியது, இவர் சிலை மாதிரி இல்லையே என்பதுதான். தாடை ஒட்டிப்போய், முன்பல் ஒன்று விழுந்து... கன்னியம்மா தடவிய முகம் இது இல்லை. மனசு சங்கடப்பட்டது.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னார்: "எம் மூஞ்சிய மட்டும் கொத்தி எடுத்துடுங்க. பாக்கவே பேஜாரா கீது."

கண் திறந்த கல் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விளையாட்டாக என் உளியை எடுத்துக்கொண்டு கல்லிடம் போனார்.

கல்லில் செய்த தப்பைத் திருத்த முடியாது ஐயா. மனுஷன் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. சம்மட்டி பக்கத்தில்தான் இருந்தது. ஒரே அடி. இன்னொரு அடிக்குக் கை ஓங்குகிறவன் நல்ல தச்சன் இல்லை. பட்டறைக்குப் பின்னால் கல் வெட்டின குழியில் தண்ணீர் நிற்கிறது. அங்கேதான் இருக்கிறார்.

மறுநாள் கோவளத்தில் கல்லை நிறுத்தினோம். கன்னியம்மா மாலை போட்டுவிட்டு என்னையும் கும்பிட்டாள். புருஷன் வருகிறார் என்று அவளுக்குத் தந்தி வந்ததும், அவரைத் தேடி வந்த உங்கள் போலீஸ்காரர்களுக்கு பஸ் கண்டக்டர் என் பட்டறையைக் கைகாட்டியதும் அதற்கப்புறம்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது உளியோடு அந்தக் கல்லிடம் போய்விடுவார்களோ என்ற கவலை. வேலையைப் போட்டுவிட்டுக் கோவளத்துக்கு ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருவேன். நான் கொலைகாரன் இல்லை ஐயா. கல்லில் இருந்ததை மெய்யாக்கினேன், அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். தர்மராஜோடு இன்னொருவரும் விடுதலையாகி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சற்று முன் சொன்னீர்கள். செங்கல்பட்டு ரவிச்சந்திரன், கல்லில் தர்மராஜுக்கு அடுத்து நிற்பவர்.

அவர் எந்த பஸ்ஸில் வருகிறார்?