மூணு பேருக்கு ஒரு மேஜை

அப்பா: ...அதெல்லாம் சரி பாப்பா, ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு நீள வரிசையா?

மகள்: ஊரடங்கு முடிஞ்சு போன மாசம்தானேப்பா ஹோட்டலையே திறந்திருக்கான். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டு எல்லாருக்கும் நாக்கு செத்துப்போச்சு.

அப்பா: உன் சமையலைச் சாப்பிட்ட என் நாக்கு உயிரோட இருக்கறதே...

மகள்: அப்பா.

அப்பா: சரி சரி. ஆனா ஹோட்டல் வாசல் ரோட்டுப் பக்கம்தானே இருக்கு? வரிசை ஏன் பக்கத்து ஸ்கூலுக்குள்ள போகுது?

மகள்: அது... கூட்டம் ஜாஸ்தின்னு இப்படிச் சுத்தி விட்டிருக்காங்க. மாஸ்க்கை மேல ஏத்துங்க, மூக்கு எட்டிப் பார்க்குது.

அப்பா: பாவம், அதுவும் கொஞ்சம் காத்து வாங்கட்டுமே. ஆமா... உள்ளேயிருந்து வர்றவங்க எல்லாம் ஏன் கையைப் பிடிச்சுக்கிட்டே வர்றாங்க?

மகள்: பில்லைப் பார்த்திருப்பாங்க.

அப்பா: பில்லைப் பார்த்தா நெஞ்சைத்தானே பிடிக்கணும்?

மகள்: கேள்வி கேக்காம நகருங்கப்பா. இடம் விட்டா எவனாவது நடுவுல பூந்துடுவான்.

அப்பா: எனக்கே வரிசையில நிக்கச் சொல்லித் தர்றியா? காலமெல்லாம் ரயில் டிக்கெட் கவுண்டர்ல உட்கார்ந்து...

மகள்: ‘வரிசையை விட்டுப் போனவன் கடைசிக்குப் போ.’ தெரியும்ப்பா. என் கல்யாணத்துல கை கழுவற இடத்துல மாப்பிள்ளையையே கடைசிக்கு அனுப்பினவர்தானே நீங்க.

அப்பா: யாரையோ பார்த்துப் பேசப் போனார். திரும்பி வந்தா கடைசிதான். மாப்பிள்ளைக்குன்னு தனிச் சட்டமா?

மகள்: அப்போ நீங்களும் நடுவுல விலக மாட்டீங்கதானே? என்ன ஆனாலும்?

அப்பா: என்ன ஆகப்போகுது? சாப்பிடத்தானே நிக்கறோம்?

மகள்: ...ஆமாமா. சாப்பிடத்தான்.

அப்பா: சொல்ல மறந்துட்டேன். ஹோட்டல்லேர்ந்து காலைல போன் வந்துச்சு. மூணு பேருக்கு மேஜை போட்டாச்சுங்கறான்.

மகள்: மூணா? நாம ரெண்டு பேருதானே?

அப்பா: அதானே. தப்பா எழுதியிருப்பான்.

மகள்: மாத்தச் சொல்லட்டா?

அப்பா: வேண்டாம் வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும். பையை வச்சுக்கலாம்.

மகள்: பைக்கு ஒரு நாற்காலியா? ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடினா அன்னைக்கு முழுக்கப் புலம்பறவரு.

அப்பா: நாற்காலிக்குத் தனியா காசு கேக்க மாட்டான்ல?

மகள்: செலவைப் பத்தி நீங்க வாயைத் திறக்காதீங்க. புதுச் சட்டை. செண்டு. தலைக்கு மை. பியூட்டி பார்லர் நடத்தற பொண்ணை வச்சுக்கிட்டு வெளியில போய் மை போட்டிருக்கீங்க. அதுவும் காதோரத்தை அப்படியே விட்டிருக்கான், பாவி. பென்ஷன் எங்க போகுதுன்னே தெரியல. எவனாவது போன்ல பேசி ஏமாத்தறானோன்னு எனக்குத் தூக்கமே வரல.

அப்பா: யாரும் ஏமாத்தல. எனக்கு நான் செலவு பண்ணக் கூடாதா?

மகள்: தாராளமா பண்ணுங்க. நல்லா இருங்கன்னுதானே நானும்... விடுங்க. அப்பா, ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது.

அப்பா: இது ஊசி வரிசை. அதானே?

மகள்: ...எப்படித் தெரியும்?

அப்பா: வாசல்ல ஆள் உசரத்துக்கு ‘தடுப்பூசி முகாம்’னு எழுதி வச்சிருக்கான் பாப்பா. நான் கண்ணாடி போட்டிருக்கேன்.

மகள்: தெரிஞ்சேவா நிக்கறீங்க?

அப்பா: நின்னாச்சு. விலக முடியுமா?

மகள்: வேற வழி தெரியலப்பா. ஊசி கார்டு இருந்தாத்தான் உள்ளே விடுவோம்னு ஹோட்டல்ல இந்த வாரம் புது ரூல் போட்டுட்டான். ஒரு ஊசியாவது போட்டிருக்கணுமாம். நீங்களோ, ஊசி போட்டா உடம்பு காந்தமாகிக் கரண்டி ஒட்டும்னு குடும்ப குரூப்புல ஊரையே கலக்கிட்டு இருந்தீங்க.

அப்பா: ஒட்டல.

மகள்: என்னது?

அப்பா: ஒட்டாதுன்னு சொன்னேன். நகரு, நகரு. நம்ம முறை.

நர்ஸ்: அடுத்தவங்க வாங்க. யாருக்கு ஊசி?

மகள்: அப்பாவுக்கு.

அப்பா: பொண்ணுக்கு.

நர்ஸ்: யாராவது ஒருத்தர் உட்காருங்க. பின்னால ஊரே நிக்குது.

மகள்: அப்பாவுக்குத்தான் சிஸ்டர். கெட்டியா பிடிச்சுக்குங்க, ஓடிடுவாரு.

நர்ஸ்: இவருக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சேம்மா. நான்தான் போட்டேன். முதல் தடவை பையில கரண்டியோட வந்தார். போட்ட உடனே கையில வச்சு வச்சுப் பார்த்தார்.

அப்பா: அதை இப்பச் சொல்லியே ஆகணுமா?

மகள்: ரெண்டுமா? ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?

அப்பா: குரூப்புல அவ்வளவு பேசிட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? மாஸ்க் போட்டிருந்தும் கூச்சமா இருந்துச்சு.

மகள்: அப்போ இவ்வளவு நேரம் யாருக்காக நின்னீங்க?

அப்பா: உனக்காகத்தான்.

மகள்: நான் எப்பவோ போட்டாச்சு. குரூப்புல போட்டோகூடப் போட்டேனே. நீங்கதானே முதல் ஆளா கட்டை விரலைக் காட்டினீங்க?

அப்பா: காட்டினேன். அப்புறம் பெருசு பண்ணிப் பார்த்தேன். கையில வாத்துப் படம் போட்ட பிளாஸ்டர். உன் பையன் முழங்கால்ல ஒட்டறது.

நர்ஸ்: நாங்க பஞ்சுதான் குடுக்கறோம். வாத்தெல்லாம் எங்ககிட்ட இல்ல.

அப்பா: ஸ்கூல்ல ஊசி போட வந்தா பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டவதானே நீ. எனக்குத் தெரியாதா? நாள் பூரா ஊர்ப்பட்ட பேரு தலையைத் தொடறே. எனக்குப் பயமா இருக்கு பாப்பா. ‘வா, போட்டுக்கலாம்’னு நேரா கூப்பிட்டா வர மாட்டே. என்னை ஏமாத்தணும்னா மட்டும் முதல் ஆளா ஓடி வருவே.

மகள்: நான்தானேப்பா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்...

அப்பா: ஹோட்டல்ல சாப்பிட ஆசையா இருக்கு, ஆசையா இருக்குன்னு போன வாரம் பூரா அனத்தினது யாரு? நான்தானே.

மகள்: அடப்பாவி அப்பா.

நர்ஸ்: ஊசி போடாம ஹோட்டலுக்குள்ள எப்படிம்மா போறதா இருந்தே?

மகள்: கார்டை வீட்ல மறந்துட்டேன்னு சொல்லி, அப்பாவை உள்ளே அனுப்பிட்டு வாசல்லயே நின்னுக்கலாம்னு...

அப்பா: நல்லா இருக்கு. நான் உள்ளே முழுங்கணும், நீ வெளியில நின்னு வேடிக்கை பார்க்கணும். உட்காரு. இல்லன்னா கடைசிக்குப் போ.

நர்ஸ்: கையைத் தளர்த்தும்மா.

மகள்: சிஸ்டர், ஒரு நிமிஷம். எனக்கு மூச்சு... அப்பா, கையைக் குடுங்க.

அப்பா: இந்தா. ஏய்... விரலை ஒடிச்சுடாதே.

மகள்: சொல்லிட்டுப் போடுங்க சிஸ்டர். சொல்லாம போட்டீங்கன்னா நான்...

நர்ஸ்: போட்டாச்சு.

மகள்: போட்டாச்சா? எப்போ?

அப்பா: நீ மிரட்டிட்டு இருந்தப்போ. கண்ணைத் திற.

மகள்: இவ்வளவுதானா... இதுக்கா நான் வாத்து ஒட்டிக்கிட்டு அலைஞ்சேன்?

நர்ஸ்: அந்தப் பெஞ்சுல அரை மணி நேரம் உட்காருங்க. அப்புறம் போகலாம்.

மகள்: மேஜை போயிடுமே சிஸ்டர்.

நர்ஸ்: போகாது. என் டியூட்டியும் அதுக்குள்ள முடிஞ்சுடும். மூணு பேரும் சேர்ந்தே...

அப்பா: க்கும்.

நர்ஸ்: ...ஐயோ.

மகள்: மூணு பேருமா?

அப்பா: பாப்பா... இவங்க வந்து... ரெண்டாவது ஊசி போட்டப்போ என்னையும் இதே பெஞ்சுலதான் உட்கார வச்சாங்க. அரை மணி நேரம்தான்னு சொன்னாங்க. பேசிட்டு இருந்தோம். டியூட்டி முடிஞ்சதும் டீ குடிக்கப் போனோம். அப்புறம்... அந்த அரை மணி நேரம் இன்னும் முடியல.

நர்ஸ்: இங்க வச்சு, இப்படிப் போட்டு உடைக்கணும்னு நினைக்கலம்மா. சாப்பிடும்போது மெதுவா சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குத்தான் இவர் மூணாவது நாற்காலி போடச் சொன்னார்.

அப்பா: நானா? நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க?

நர்ஸ்: நான் எங்க சொன்னேன்? நீங்க காலைல கூப்பிட்டுச் சொல்லித்தானே எனக்கே தெரியும்.

அப்பா: அப்போ நிஜமாவே ஹோட்டல்காரன் தப்பா எழுதிட்டானா?

மகள்: அவன் மேல பழி போடாதீங்க. அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.

அப்பா: பாப்பா...?

மகள்: போன மாசம் அந்த ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியில நின்னு பார்த்தேன்ப்பா. மாஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அம்மா போனப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. ரோட்டுல நின்னு அழுதுட்டேன், சந்தோஷத்துல.

அப்பா: ...அப்போ ஏமாத்தறான், தூக்கம் வரலன்னதெல்லாம்?

மகள்: சும்மா. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்.

நர்ஸ்: அப்போ என்னையும் பார்த்தியாம்மா?

மகள்: முதுகும் கொண்டையும்தான் தெரிஞ்சுது. ஆனா நான் வெட்டின முடியை நான் மறப்பேனா சிஸ்டர்? பார்லருக்கு வந்து, கண்ணாடியில உங்க தலையைப் பார்க்காம என்னையே உத்து உத்துப் பார்த்துட்டுப் போனீங்களே.

நர்ஸ்: அவர் பொண்ணு எப்படி இருப்பான்னு பார்க்கத்தான் வந்தேன். முடி வெட்டணும்னே எனக்கு இல்ல.

அப்பா: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாப்பா?

மகள்: நீங்க வாயைத் திறந்து சொல்லணும்னு இருந்தேன்ப்பா. அதான் நாற்காலியை மட்டும் போட்டு வச்சேன். ஆளை நீங்க கூட்டிட்டு வருவீங்கன்னு.