கூரைக்கு அடங்காத நியூட்ரினோ

...படிச்ச குடும்பம்னு பேரு சார், ஒரு நியூட்ரினோவுக்குப் பயந்துகினு ஓடிட்டாங்க. காபிய கூட பாதியில வச்சிட்டாங்க. கொஞ்சம் நவுந்து குந்துங்க சார், ஊத்துக்கோட்டை தாண்டுனா பஸ்ஸுல கூட்டம் கொறையும்.

எம் பொண்ணு சுமலதா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா. ஊசி போடற டாக்டரு இல்ல... எங்கியோ வானத்துல ஒரு நட்சத்திரம் வெடிக்குதாம். அதுல துகளுங்க வேகம் புடிச்சு, போயி மோதி, நியூட்ரினோன்னு கண்ணுக்கே தெரியாத ஒரு பொடித் துகள் பொறக்குதாம். எப்டி வேகம் புடிக்குதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் கும்மிடிப்பூண்டியில ரோலிங் மில்லுல வேல. பழுத்த இரும்ப ரோலருக்குள்ள இந்தாண்ட ஒரு தபா, அந்தாண்ட ஒரு தபா உடுவோம். ஒவ்வொரு தபாவும் வேகம் ஏறும். வெடிப்போட அலையும் துகள அப்டித்தான் தள்ளிக்கினே இருக்குமாம். 'கரெக்டு நைனா'ன்னு அவளே சொன்னா.

போன ஞாயித்துக்கெழம காக்களூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் சரவணன், இன்ஜினீயரு. கூட அவன் அக்கா, ஏழு மாச வயித்தோட. இன்னாம்மா படிக்கிறன்னு பையனோட அம்மா கேட்டாங்க. இவ, வானத்தப் பத்தின்னு ஒத்த வரியில முடிச்சிட்டா. ஆறு வருசப் படிப்பு சார்... பெத்தவனுக்கு மனசு கேக்குமா?

நான் எடுத்து உட்டேன். கட்டவெரல் நகம் அகலத்துல, சூரியன்லேர்ந்து வர்றதையும் சேத்தா, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி நியூட்ரினோ நம்ம ஒடம்புக்குள்ள பூந்து போவுதுன்னேன். அந்த அக்கா வயித்துமேல கைய வச்சிக்கினு, கொழந்தைக்குள்ளயுமான்னு கேட்டுச்சு. பொய்யா சொல்ல முடியும்? 'கிரகணம்னா ஊட்டுக்குள்ள இருந்து தப்பிச்சுக்கலாம்மா, இத எந்தக் கூரையும் தடுக்காது'ன்னேன். யாரையும் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்றதுக்குள்ள வேன் கெளம்பிடுச்சு. மறுநா போன்ல, அந்த மாதிரி சமாச்சாரத்துல பொழங்கற பொண்ணு வாணாம்னுட்டாங்க.

இவ என்னை ஒரு வார்த்த திட்டல சார். அதான் பேஜாரா கீது. ரெண்டு வருசமா அந்தப் பையனதான் விரும்பிக்கினு இருந்தாளாம். பொண்ணு பாக்கறதே பெரியவங்களுக்காக ஒரு பேருக்குத்தானாம். அவ அம்மா அப்புறமாத்தான் சொன்னா. மாப்ள ஊட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இவ எங்கிட்ட வந்து, 'நைனா, இன்னிக்கு மட்டும் பேசாம இரு'ன்னு கையப் புடிச்சுக்கினு கேட்டா சார்.

இப்ப அவங்க ஊட்டுக்குத்தான் போய்க்கினு கீறேன். அவளுக்குத் தெரியாது. மன்னிப்பு கேட்டுட்டு, வாயத் தொறக்காம வந்துடணும்னுதான் கெளம்புனேன். ஆனா பாருங்க, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லாம எப்டி வர்றது? அதச் சொல்லணும்னா, நட்சத்திரம் வெடிக்கிறதுலேர்ந்துல்ல ஆரம்பிக்கணும்...