ஒன்பது மணி மாத்திரை

ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் எனக்குக் கணக்கு வராது. அது எல்லாருக்கும் இருப்பதுதான்.

நான் மெஹராஜ். பதினாறு வயது. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை, மேலே ஏணி வைத்த பரண். காக்காவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, விக்ரோலியில் நைட் ஷிஃப்ட். அதனால் அவர் மனைவி ஆஸியா மைனிக்கு ஒன்பது மணி மாத்திரை கொடுப்பது என் வேலை. உறையவைத்த இரண்டு கருக்களில் ஒன்றை மைனியின் வயிற்றில் வைத்திருந்தார்கள். அது தங்குவதற்கு இந்த ஹார்மோன் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் டாக்டர். போட்டால் தூக்கம் வரும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

இரண்டாவது சொன்னதுதான் என் மனதில் நின்றது.

அந்த வாரம் வாப்பா பக்ரீத் கிடாவை வாங்கிவந்து ஏணிக்காலில் கட்டினார். அது விடியவிடியக் கத்தியது. மைனி புரண்டுகொண்டே கிடந்தாள். அவளுக்கு ஓய்வு முக்கியம். அதனால் மாத்திரையை வாழைப்பழத் தோலில் சுருட்டிக் கிடாவுக்குக் கொடுத்தேன். வீடே தூங்கியது. மைனியையும் வெறுமனே விட்டுவிடவில்லை. பார்க்க அதேபோல இருக்கும் என் மீன் எண்ணெய் மாத்திரையைக் கொடுத்தேன். அதுவும் சத்துதான்.

இப்படிப் பதினான்கு ராத்திரி.

"மாமி, ஏப்பம் விட்டா மீன் நாத்தமா வருது," என்றாள் மைனி.

"மசக்கதாம்ளா. வெளிய சொல்லாத, கண்ணு பட்டுரும்," என்றாள் உம்மா.

வாப்பா கிடாவைத் தடவினார். "ஒரு லஃப்டா, தொந்தரவு கெடையாது பாரு. நல்ல வீட்டு ஆடு."

ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தது.

"நாந்தான் ஏணி ஏறுனேன் மாமி. எந் தப்புதான்," என்று மைனி அழுதாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

முந்தாநாள் மிச்சமிருந்த ஒன்றையும் வைத்தார்கள். இனி வேறு கரு இல்லை. இரண்டு நாளும் மாத்திரையைச் சரியாகக் கொடுத்தேன். கிடாவை அறுத்தாயிற்று, அதனால் தொந்தரவு இல்லை.

இன்று சாயங்காலம் வாப்பா, பிள்ளை தங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, கோவண்டியிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவந்தார். அதே ஏணிக்கால். பாவம், புது இடம். கத்திக்கொண்டே இருந்தது. நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். குட்டியும்தான். நானும் மீன் எண்ணெய் டப்பாவை மூடிவைத்துவிட்டுப் படுத்தாயிற்று. மைனிக்குப் பாதி, குட்டிக்குப் பாதி என்று நியாயமாகத்தான் நினைத்தேன். உள்ளே எண்ணெய். அந்த மாத்திரை பாதியாக வெட்ட வராது.