சர்வேயர் வீட்டுக் கணினி

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடி வீடு ஒன்றிலிருந்து, கணினியின் விசிறி இரைச்சல் போடுவதாக எனக்கு அழைப்பு வந்தது. பெரும்பாலும் தூசிதான் காரணம். பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி ஊதினால் போதும். மெதுவாக இருக்கிறது, திரை உறைந்துபோகிறது என்று வரும் புகார்களிலும் பாதி, அணைத்துவிட்டு மறுபடி போட்டாலே தீர்ந்துவிடும். இதை வாடிக்கையாளரிடமே சொல்லிப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாய் என்பான் என் கூட்டாளி.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர். மனைவி முந்தைய வருடம் இறந்திருந்தார். நான் தூசி தட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது அவளோடது தம்பி. ஊரையே அளந்தவன் நான், இந்த எலியை மட்டும் பிடிக்கத் தெரியல."

அடுத்தமுறை படியேறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று, என் வீட்டிலிருந்தே அவர் கணினியை இயக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டு வந்தேன். எல்லா வீட்டிலும் போடுவதுதான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்களை நான் பெயரால் குறித்துவைப்பதில்லை, கோளாறால் குறித்துவைப்பேன். பிரிண்டர், நீலத்திரை, கடவுச்சொல் மறதி. அந்த மாதம் என்னிடம் இரண்டு விசிறிகள் இருந்தன. இன்னொரு விசிறியான தையல்கார அம்மா, பேரனின் படங்களைக் காணோம் என்று போன் செய்தார். அவருடையது என்று நினைத்து, என் வீட்டிலிருந்தே சர்வேயருடையதைத் திறந்துவிட்டேன். முகம் பார்த்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று கேமராவையும் மைக்கையும் போட்டு, படங்கள் இருந்த இடத்தைத் தட்டினேன். யாரோ ஒரு பெண்ணின் முகம் திரை நிறைய வந்தது.

கேமராவில் சர்வேயர் தெரிந்தார். தோளில் துண்டோடு, அறை நடுவில் நின்றிருந்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

நான் மூடியிருக்க வேண்டும். சட்டென்று மூடினால் மனிதர் உடைந்துபோவார் என்று பட்டது. அம்புக்குறியை மெல்ல நகர்த்தி அந்த முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

என்னிடம் அதை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன்பிறகு மதியந்தோறும் அந்தக் கணினிக்குள் போனேன். ஆம் என்றால் வட்டம், இல்லை என்றால் குறுக்கே ஒரு கோடு. இது அவராக வகுத்துக்கொண்ட ஏற்பாடு. மின்விசிறி ரெகுலேட்டர் கெட்டது, எதிர்வீட்டுக்காரியின் வாய், முழங்கால் வலி, எல்லாம் சொல்வார். தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சார்.

பிறகு அவர் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அப்பா கம்ப்யூட்டரோட பேசுறாராம். எதிர்வீட்டுக்காரங்க சொல்லிச் சிரிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை அவரை என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். அந்தப் பொட்டியை நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்."

"சரிம்மா," என்றேன்.

அன்று மதியம் அவரும் கேட்டார்: "நான் அவகூடப் போகட்டுமா?"

குறுக்கே கோடு போட்டேன்.

"எனக்கும் இஷ்டமில்லதான். ஆனா அவ விடணுமே. உன் பொண்ணாச்சே," என்று சிரித்தார்.

சனிக்கிழமை பேசிக்கொண்டே இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்தது கேமராவிலேயே தெரிந்தது. அவருடைய போன் கூடத்தில் இருந்தது. மேஜையைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, கதவுவரை போய்விட்டார்.

அவர் மனைவி கேமரா பழகிய நாளில் எடுத்த ஒரு சின்ன வீடியோ அந்தக் கணினியில் இருந்தது. எனக்கு அது மனப்பாடம். அதை ஓடவிட்டேன்.

"ஏங்க, எங்க போறீங்க? இங்க வந்து உக்காருங்களேன். இது பதிவாகுதான்னு பாருங்க."

அவர் நின்றார். திரும்பினார். வந்து உட்கார்ந்தார். வீடியோ முடிந்ததும் மறுபடி ஓடவிட்டேன். அவர் தலை மேஜையில் சாய்ந்த பிறகும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் போன் என் கையில்தான் இருந்தது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பார்கள், பிழைக்கவைத்திருப்பார்கள், மகள் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். முன்பின் பழகாத வீட்டில் ஒரு மூலையில், பேச ஆளில்லாமல் கிடந்திருப்பார். அவருக்காகத்தான் அதையெல்லாம் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சொல்லியிருந்தபடி பெட்டியை எடுக்கப் போனேன். மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தனியாவே போயிட்டாரேண்ணா. பக்கத்துல ஒரு குரல்கூட இல்லாம."

"தனியா இல்லம்மா," என்றேன். "கடைசிவரைக்கும் அம்மா குரலைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.