வயல் மாறிப் போட்ட கிடை

மேலூரிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில் பாடப்புத்தகத்தை விரித்திருந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. முன் சீட்டில் கம்பளியை மடியில் வைத்திருந்த ஆட்டுக்காரப் பெண், அடுத்திருந்த தலைப்பாகைக்காரரிடம் சொன்னாள்:

“அண்ணே, அடுத்த மாசம் மதுரை விவசாய மாநாட்டுல ஒங்க வயலு மேடையேறப் போகுது.”

“என் வயலா?”

“கோடையில பக்கத்து வயலுன்னு நெனச்சு, ஒங்க வயல் மூலையில ரெண்டு ராத்திரி ஆட்ட அடைச்சுக் கிடை போட்டுட்டேன்ல?”

“அதுக்குத்தானே ஒன் ஆடு கம்மாய்க்கரையில மேயக் கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல சொன்னேன்.”

“சொன்னீக. இப்ப அந்த மூலையில மட்டும் நெல்லு இடுப்பு ஒசரம் நிக்குது. என்ன உரம் போட்டீகன்னு விவசாய ஆபீசர் ஒங்ககிட்டத்தானே கேட்டாராம்?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆட்டுப் புழுக்கைன்னு உண்மையச் சொல்லிட்டேன் தாயி.”

“அதான் மாநாட்டுல பேச என்னையக் கூப்பிட்டிருக்காரு.”

“நல்லாப் பேசு. வார கோடைக்கு என் வயலு முழுக்கக் கிடை போட்டுரு.”

“ஆடு மேய எடமில்ல. புழுக்கை எங்கிட்டு இருந்து வரும்?”

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டியது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஊர்க்கூட்டத்துல நானே மாத்திச் சொல்லிடுறேன். மேடையில அது யாரு வயலுன்னு பேரு சொல்லுவியா?”

அவள் கம்பளியை நிதானமாக மடித்தாள்.

“மொதல்ல நீங்க ஊர்க்கூட்டத்துல பேசுங்க அண்ணே. பெறகு நான் மாநாட்டுல பேசுறேன்.”