பிலாலுக்கு நாலாவது ஷேடு

— பாஸ்வேர்ட சொல்லும்மா. நாலு மணிக்கு படத்தோட ஃபைல் போயாகணும்.

— போகாது.

— பாரு, அண்ணனா கெஞ்சல. டைரக்டரா கேக்குறேன்.

— சரிங்க டைரக்டர் சார். கலர் போடுறவளா நானும் சொல்றேன். ஒரே வாரத்துல பிலாலோட முகத்த மூணு தடவ வெளுப்பாக்கியாச்சு. முதல் தடவ, 'ஸ்கிரீன்ல இருட்டா தெரியுது'ன்ன. ஒத்துக்கிட்டேன். அடுத்து, 'முகபாவம் பிடிபடல'ன்ன. அதுக்கும் தலையாட்டினேன். மூணாவது தடவ காரணம்கூட சொல்லல, ஷேடு நம்பர மட்டும் அனுப்புன. இப்ப நாலாவது. இதையும் பண்ணா பிலாலுக்கும் அவரோட எஜமானனுக்கும் ஒரே நிறம். யாரு அடிமைன்னு குழந்தைங்க சங்கிலிய பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

— கதையில ஒரு வரி மாத்தியிருக்கேனா? சுடுமணல்ல கிடத்துறாங்க, நெஞ்சுல பாறாங்கல்ல ஏத்துறாங்க, 'இறைவன் ஒருவனே, ஒருவனே'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. எல்லாம் அப்படியேதான் இருக்கு.

— ஆளுதான் வேற.

— குரலுக்காகத்தாம்மா நபி அவர தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு சொல்ல வெச்சாங்க. நிறத்துக்காகவா?

— மக்காவுல காபா மேல ஏறி பாங்கு சொன்னப்ப கீழ நின்னவன் என்ன கேட்டான்? நீதான எனக்குப் படிச்சுக் காட்டுன! 'இந்தக் கறுப்பன விட்டா வேற ஆளே கிடைக்கலையா'ன்னு கேட்டானாம். நீயும் அதையேதான் கேக்குற. என்ன, ஏசி ரூம்ல உக்காந்து கேக்குற.

— நாக்க அடக்கிப் பேசு.

— நபிய காட்டக்கூடாதுன்னு நிழலக்கூட வரைய விடல நீ. அவ்வளவு பயபக்தி. நல்லது. பிலாலோட தோல உரிக்கிறப்ப மட்டும் அந்த பயம் எங்க போச்சு?

— பாரு, எனக்கு மட்டும் ஆசையா? படத்த வாங்குறவர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அஞ்சு வருஷமா ஃபிரேம் ஃபிரேமா வரைஞ்ச அனிமேஷன். அவரு வேணாம்னுட்டா இந்த கம்ப்யூட்டர்லயே கிடந்து சாகும். கறுப்பா இருந்தாலும் யாரும் பாக்க மாட்டாங்க, வெளுப்பா இருந்தாலும் பாக்க மாட்டாங்க.

— போன வாரம் வரைக்கும் ஆகா ஓகோன்னாரே. திடீர்னு யாரு ஓதுனா அவரு காதுல?

— குழந்தைங்கள உக்கார வெச்சு போட்டுக் காட்டினோமில்ல? படம் முடிஞ்சதும் ஆளுக்கொரு தாள் குடுத்து, பிடிச்சது பிடிக்காதது எழுதச் சொன்னாரு. ஒரு பொண்ணு, 'இவர வெள்ளையாக்கிடுங்க, ப்ளீஸ்'னு எழுதிட்டா. அந்தத் தாள எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. 'குழந்தையே சொல்லுது, அப்புறம் என்ன'ன்னாரு. நான் என்ன பேசுறது?

— நாப்பது குழந்தையில ஒண்ணு.

— ஒண்ணுதான்.

— எந்த மகராசி பெத்தா அத? அவள கூட்டிட்டு வா. சோத்துல என்னத்த கலந்து ஊட்டுறன்னு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.

— விடும்மா.

— ஏன் விடணும்? பெரியம்மா என்ன 'கரிச்சட்டி'ன்னு கூப்பிடுறப்பல்லாம் கூட சேந்து சிரிச்சவன்தான நீ? கல்யாணத்துக்கு முன்னாடி என்னப் பொண்ணு பாக்க வந்தவன் ஒவ்வொருத்தனும் 'பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா'ன்னு இழுத்துட்டுப் போனான். அந்த 'ஆனா'வ என்னால இன்னும் முழுங்க முடியலண்ணே. இந்தப் படம்னு நீ சொன்னதும் இருந்த வேலைய விட்டுட்டு ஓடி வந்தேனே, எதுக்கு? இந்த ஒரு முகத்த மட்டும் எவனும் தொடக்கூடாதுன்னு.

— தெரியும்மா. அதனாலதான் சொல்லாம இருந்தேன்.

— எத?

— விடுன்னா விடேன்.

— அந்தக் குழந்தையோட அம்மா யாருன்னு சொல்லு, பாஸ்வேர்ட சொல்றேன்.

— படம் போட்டுக் காட்டின அன்னைக்கு வேலை முடியலன்னு நீ கீழயே இருந்துட்ட. உன் பொண்ண நான்தான் மேல கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வெச்சேன்.

— அவளா?

— அவதான்.

— பொய் சொல்லாத. அவகிட்ட நிறத்த பத்தி ஒரு நாள் ஒரு பொழுது நான் வாய் திறந்ததில்ல. கறுப்பு அசிங்கம்னு சொன்னாளா? என் பொண்ணு?

— சேச்சே. கல்ல ஏத்துற சீன்ல என் கைய விடவே இல்ல. தேம்பித் தேம்பி அழுதா.

— அப்புறம் எதுக்குடா அப்படி எழுதினா?

— நானும் அதத்தான் கேட்டேன். 'ஸ்கூலுக்குக் குடுக்குற என் போட்டோவெல்லாம் அம்மா கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கித்தான மாமா குடுப்பாங்க? இவருக்கு மட்டும் ஏன் பண்ணல? அம்மாவுக்கு இவர பிடிக்காதா?'ன்னா.