பொத்தான் போட்டது யார்?

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு வீராப்பால நஷ்டஈடே கெடைக்காமப் போயிருக்கும்க்கா."

ஜன்னலோரம் அவள் கணவர். தேயிலைக் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

"இந்தக் கையால என்ன செய்ய முடியலன்னு விசாரணையில ஆபீசர் ஐயா கேட்டாரு. இவரு, 'எல்லாம் செய்வேங்க'ன்னுட்டாரு."

"ஐயையோ! பொறகு?"

"'காலையில சட்டைப் பொத்தான யாரு போட்டுவிட்டா, அதையும் சொல்லுங்க'ன்னேன். தலையக் குனிஞ்சுகிட்டு, 'இவதாங்க'ன்னாரு. ஐயா எழுதிகிட்டாரு. நஷ்டஈடு கெடைக்கும்னும் சொல்லிட்டாரு."

கணவர் திரும்பினார். "அத்தன பேரு முன்னால அதக் கேக்கணுமா?"

"சரி, நாளையிலேருந்து நீங்களே போட்டுக்கங்க."

"அது முடியாதுல்ல," என்றார். மூவரும் சிரித்துவிட்டார்கள்.